இருபத்தெட்டுப் பல்

அடையாறு பாலத்து மேட்டில் ஏற முடியாமல், நடுவிலேயே ஜலஜா சைக்கிளை விட்டு இறங்கித் தள்ள வேண்டியதாயிற்று. ஏலகிரி மலைச்சாலைப் பந்தயத்துக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. தொலைபேசி அலுவலகத்திலிருந்து பெயர் கொடுத்த ஒரே பெண் அவள். வயது முப்பத்தாறு.

மயிலாப்பூரில் சைக்கிள் கடை வைத்திருந்த இனாயத், அவளுடைய பத்து கியர் சைக்கிளைக் குனிந்து பார்த்தார்.

"பின்னாடி பல்சக்கரம் சின்னதா கீதுக்கா. இருபத்தெட்டு பல்லு போட்டாத்தான் மேடு ஏறும்."

"போடுங்கோ பாய். மலையில தள்ளிண்டு போக மாட்டேன்."

இருபத்தெட்டுப் பல் போட வேண்டும் என்று அரைநாள் லீவு கேட்டதற்கு, மேலதிகாரி ராஜகோபாலன் பரிவோடு தன் பல் டாக்டரின் விலாசத்தை எழுதிக் கொடுத்தார்.

புதுச் சக்கரத்துக்குச் சங்கிலி எட்டவில்லை. இனாயத் நாலு கண்ணி சேர்த்தார். சங்கிலி தொங்கி, லஸ் முனையில் கழன்று விழுந்தது. அதை இழுத்துப் பிடிக்க ஸ்பிரிங்கை முறுக்கினார். கியர் லீவர் கல்லாக இறுகியது. பந்தயத்தன்று காலை, மலையடிவாரத்தில் ஜலஜா அதை ஓங்கி அழுத்த, கியர் கம்பியே அறுந்தது.

கடையை மூடிவிட்டுக் கூடவே வந்திருந்த இனாயத், கட்டுக்கம்பியால் சங்கிலியைப் பெரிய சக்கரத்திலேயே நிறுத்திக் கட்டினார்.

"இனிமே ஒரே கியர்தான்க்கா. மலை ஏறிடும். சமதரையில மட்டும் அக்கம்பக்கம் பாக்காத."

சமதரையில் அவள் கால்கள் தையல் மெஷின் போல ஓடின. சைக்கிள் தேர் போல நகர்ந்தது. பால் கேன் கட்டிய சைக்கிள்காரர் ஒருவர் மணியடித்துவிட்டு முந்திப் போனார்.

மேடு வந்தது. முன்னால் போனவர்கள் ஒவ்வொருவராக இறங்கித் தள்ளினார்கள். ஜலஜா சங்கிலியை விட்டுக் கண்ணை எடுக்காமல், வளைவுக்குப் பின் வளைவாக மிதித்தாள். தொடை எரிந்தது. இறங்கவில்லை.

உச்சியில் இருபத்திரண்டு ஆண்கள் வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தார்கள். ஒரு பெண்கூட இல்லை. மற்ற பெண்களெல்லாம் முடித்துவிட்டு இறங்கியே போய்விட்டார்கள் போலும் என்று நினைத்தாள். ஆனாலும் ஒரு காலைக்கூடத் தரையில் ஊன்றாமல் ஏறியிருக்கிறாள். அதை யாரும் பறிக்க முடியாது. நிமிர்ந்து நின்றாள்.

கழுத்தில் விசிலோடு ஒரு பெண் ஸ்கூட்டரில் வேகமாக வந்து நின்றாள்.

"நான்தான் கடைசியாம்மா?" என்று ஜலஜா கேட்டாள்.

"லேடீஸ் ரேஸ் ஏழாவது வளைவோட முடிஞ்சிருச்சுக்கா. அங்க முதல்ல தாண்டினது நீங்கதான். கப்பைக் குடுக்கலாம்னு உச்சி வரைக்கும் துரத்திட்டு வரேன்."