பி.யு.சி. சீட்டும் என் ஆறு சனிக்கிழமையும்

ஆஸ்டின் டவுன், பெங்களூர்
17-6-2004

மரியாதைக்குரிய மச்சான் இளங்கோவன் அவர்களுக்கு, கோவிந்தப்பா எழுதிக்கொண்டது. இங்கு நானும் உங்கள் தங்கை எல்லம்மாவும் மகள் வீணாவும் சௌக்கியம். குடியாத்தத்தில் அக்காவுக்கு மூட்டுவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

நிற்க. பெண்ணை அடக்கி வளர்க்கவில்லை, உடனே மாப்பிள்ளை பார் என்று நீங்கள் போட்ட கார்டைத் தபால்காரர் உட்படத் தெருவே படித்துவிட்டது. நடந்தது என்னவென்று தெரியுமா உங்களுக்கு? பத்தாவது பரீட்சை முடிந்த குஷியில், பக்கத்து வீட்டு டொமினிக்கின் ஸ்கூட்டரைக் கேட்காமல் எடுத்துப்போய்த் தள்ளுவண்டியில் மோதினாள். தப்புதான். தக்காளி நசுங்கியதே தவிர யாருக்கும் காயமில்லை. ஆனால் எடுத்தது யாரென்று தெரியாமல் டொமினிக் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்துவிட்டதால் அது திருட்டு கேஸாகி, சிறுவர் நீதி வாரியம் அவளை ஆறு சனிக்கிழமை மனோதிடப் பயிற்சிக்கு அனுப்பியது, கூடவே அப்பனும் வரணுமாம். நான் எதைத் திருடினேன்? சௌம்யா என்று ஒரு சின்னப் பெண், அவள்தான் பயிற்சி கொடுக்கிற மேடமாம், என் கையில் கிரேயானைக் கொடுத்து உங்கள் கோபத்தை வரையுங்கள் என்கிறாள். நான் டொமினிக்கை வரைந்தேன். மீசை சரியா வரல.

அதையும் பொறுத்துக்கிட்டேன் மச்சான். திங்கட்கிழமை காலேஜ்ல பி.யு.சி., அதான் உங்க ஊர் ப்ளஸ் ஒன், சீட் கேட்கப் போனா, யாரோ முன்னாடியே கேஸ் விஷயத்தைச் சொல்லியிருக்காங்க, அந்த பிரின்சிபால் ஃபாரத்தைத் தொடக்கூட இல்ல. திருட்டு கேஸ் பொண்ணைச் சேர்த்தா மத்தவங்க என்ன சொல்வாங்கன்னு என் பொண்ணு மூஞ்சியப் பாத்தே கேட்டான். எண்பத்தொரு பர்சென்ட் வாங்கின பொண்ணு! மேஜையைத் தட்டினேன், பூச்சாடி விழுந்து உடைஞ்சுது, வாட்ச்மேன் ஓடிவந்து 'பன்னி சார், பன்னி'ன்னு கையைப் பிடிச்சு இழுத்தான். கன்னடத்துல 'வாங்க'ன்னு அர்த்தம், ஆனா அன்னிக்கு என் காதுல தமிழாத்தான் விழுந்துச்சு.

வீட்டுக்கு வந்து அழுவான்னு பாத்தேன், அழல. மறுநாள் அந்த மேடம்கிட்ட போய், கேஸைக் காட்டிப் படிப்பை மறுக்கக் கூடாதுன்னு வாரியத்துக் கடுதாசி வாங்கிக்கிட்டு, தனியா போய் பிரின்சிபால் ரூம் வாசல்ல மூணு மணி நேரம் நின்னு, சீட்டோட வந்தா. வந்ததும் என்கிட்ட சொன்னா:

"நீங்க கத்தினது எனக்கு நல்லா இருந்துச்சுப்பா. ஆனா அடுத்த தடவை வெளியிலயே நில்லுங்க."

இவளையா அடக்கச் சொல்றீங்க? மாப்பிள்ளைப் பேச்சை இனி எடுத்தால் நமக்குள் போக்குவரத்து இல்லை. பாக்கியிருக்கும் ஒரு வகுப்புக்கு எல்லம்மாதான் போவாள். அந்தப் பக்கம் நான் தலைவைத்துப் படுக்க மாட்டேன்.

அக்காவுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசி.

கோபம் தணியாத,
கோவிந்தப்பா

பி.கு.: இதைத் தபாலில் போடுவதற்குள் சனிக்கிழமை வந்துவிட்டது. நானே போனேன். வீணாவுக்குப் பயிற்சி முடிந்ததென்று கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார்கள். எனக்கு மட்டும் இன்னும் நாலு வாரம். வாரியம் சொல்லவில்லை, நான்தான் கேட்டு வாங்கினேன். எல்லம்மாவுக்குத் தெரிய வேண்டாம்.