கம்பைல் கட்டிய கெர்னல்

கழற்றக்கூடிய எதையும் நம்பாத மனிதர் ஆரணியிலேயே ஒருவர்தான். ஹெல்மெட்டை ஸ்கூட்டரோடு போல்ட் போட்டு முடுக்கியிருந்தார். அப்புறம் தலைக்கு என்ன என்று கேட்டால், "திருடு போவாதுல்ல சார்?" என்பார். பேனாவைச் சட்டைப்பையோடு தைத்திருந்தார். கையெழுத்துப் போட, நெஞ்சை மேசைமேல் சாய்க்க வேண்டும்.

நாங்கள் வைத்த பெயர் கம்பைல். எப்போது கூப்பிட்டாலும் "கம்பைல் ஓடிகினு இருக்குது" என்றுதான் பதில் வரும். எழுதிய நிரலை மெஷினுக்குப் புரியும்படி மாற்றிக் கட்டும் வேலை அது. பணி ஓய்வுக்குப் பின் நான் நிர்வாகம் பார்த்த பட்டுப்புடவை டிசைன் கூடத்தில் கம்ப்யூட்டர்களுக்கு அவர்தான் பொறுப்பு. பொறுப்பு என்ற சொல்லுக்கு அதைவிடப் பெரிய அவமானம் நேர்ந்ததில்லை.

கம்ப்யூட்டர் எழுந்ததும் முதலில் ஓடி மற்றதையெல்லாம் மேய்க்கும் மென்பொருள் கெர்னல். திரையில் படம் காட்டும் கிராபிக்ஸ் டிரைவர் வழக்கமாகத் தனிக் கோப்பாக இருக்கும். வேண்டும்போது கெர்னல் அழைத்துக்கொள்ளும். உலகத்துக்குப் போதுமான இந்த ஏற்பாடு கம்பைலுக்குப் போதவில்லை.

"கூப்ட்டா வர்றவன் கூலியாளு சார். கெர்னலுக்குள்ளயே வெச்சுக் கட்டிட்டா வூட்டாளு."

கட்டினார். கட்டிய கையோடு பழைய கெர்னலை அழித்தார். புதியவர் பொறுப்பேற்கும் முன் பழையவரை விடுவிக்கக் கூடாது என்பது அலுவலக வாட்ச்மேனுக்கும் தெரிந்த விதி. திரை கரியாக நின்றது.

அன்று மாலைக்குள் எங்கள் கூடத்தில் டிசைன் வரையும் சுலோச்சனாவின் வேலை தறிக்குப் போக வேண்டும். அவள் சொந்தமாக வரைந்த முதல் முகூர்த்தப் புடவை. முந்தானையில் கொஞ்சம் பாக்கி. டிசைனும் அதை வரையும் மென்பொருளும் அந்த ஒரே மெஷினில்.

"இன்னாண்ணா இது? சாயங்காலம் போவலன்னா பொண்ணு வூட்டுக்காரங்க வேற டிசைன் பாத்துக்குவாங்கண்ணா!"

"டிஸ்கக் கழட்டி இன்னொரு மெஷின்ல மாட்டுய்யா" என்றேன்.

"எப்டி சார்? பெட்டியோட வெச்சு ஒட்டிட்டேனே!"

பிறகு தன் லேப்டாப்பை ஒயரால் இணைத்து, மெஷின் எழும்போது வரி வரியாக எழுதிவைத்த கதையைப் படித்தார். டிரைவர் கண் விழித்ததுமே தனக்கு வேண்டிய சிறு கோப்பு ஒன்றைக் கேட்டிருக்கிறது. அது இருக்கும் டிஸ்க் அதுவரை திறக்கவே இல்லை. பதிவறை திறக்கும் முன்பே வந்து ஃபைல் கேட்டு, கிடைக்காமல் முறைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்ட அதிகாரி!

"உள்ள வெச்சது போதும். டிரைவர வெளிய எடுய்யா."

"பேஜார் பண்ணாதீங்க சார். அந்தக் கோப்பையும் உள்ளயே வெச்சுக் கட்டிடறேன்."

திருந்தாத ஜென்மம். மறுபடி கம்பைல் ஓடியது. சாப்பாட்டு நேரம் கடந்தது. சுலோச்சனா டப்பாவைத் திறக்கவில்லை, அவரும் சாப்பிடவில்லை. மெஷினை எழுப்பினார். திரை கருப்பு.

"வரும்மா, வரும்" என்றார். குரல் திடமாக இருந்தது. கை மட்டும் தைத்த பேனாவைக் கழற்றப் பார்த்தது.

வந்தது. முந்தானையின் யாளி பாதி வாலோடு நின்றது. சுலோச்சனா கண்ணைத் துடைத்துக்கொண்டே மவுஸைப் பிடித்தாள். விளக்கு வைப்பதற்குள் டிசைன் தறிக்குப் போனது.

கம்பைல் பிறகு மகளோடு இருக்கப் பெங்களூருக்குப் போய்விட்டார். நாங்கள் புது மெஷின் வாங்கினோம். அவர் கட்டிய கெர்னல் அதில் ஓடவில்லை. பழைய மெஷினுக்கென்றே கட்டியதாயிற்றே. புதியது நொடியில் எழுந்துவிடுகிறது. ஆனாலும் திரை கருத்திருக்கும் அந்த ஒரு நொடியில், பக்கத்தில் நின்று "வரும் சார்" என்று சொல்ல ஆளில்லாதது எனக்குப் பிடிக்கவில்லை.