டார்க் கன்வெர்ட்டரும் டிரைவர் சீட்டும்

இந்தக் குடும்பத்தில் இனி டிரைவர் சீட்டில் நான்தான் உட்காருவேன் என்று போன மாதம் ஒரு காலையில் முடிவெடுத்தேன். வாய் நிறையப் பற்பசை நுரையோடு எடுத்த முடிவு என்பதால் வெளியே யாருக்கும் கேட்கவில்லை.

நான் சொல்வது நிஜமான டிரைவர் சீட். தத்துவம் எதுவும் இல்லை. எங்களிடம் ஒரு பழைய கார் இருக்கிறது. கரும்பச்சை நிறம், கண்ணாடி மாதிரி மின்னும் பம்பர், திருப்புவதற்கு இரண்டு தெரு தேவைப்படும் நீளம். மாமனாருடையது. கல்யாணத்தன்று கொடுத்தால் மாப்பிள்ளைக்குக் கொடுத்ததாக ஆகிவிடும் என்று, அதற்கு முந்தின வாரமே மகள் பெயருக்கு மாற்றிவிட்டார். தீர்க்கதரிசி.

அன்றிலிருந்து அவள் ஓட்டுகிறாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறேன். சிக்னலில் நின்றால் யாராவது காரைப் போட்டோ எடுக்க வருவார்கள். "சார், கொஞ்சம் குனிஞ்சுக்கோங்க, ஸ்டியரிங் மறையுது" என்பார்கள். நானும் குனிந்துகொள்வேன். ஊரில் எத்தனையோ போன்களில் என் முதுகு இருக்கிறது.

என் மனைவி பல் டாக்டர். எதிரில் இருப்பவரை வாயைத் திறக்கச் சொல்லிவிட்டு, ஒரு வார்த்தை பேசவிடாமல் பார்த்துக்கொள்வது அவளுடைய தொழில். வீட்டுக்கு வந்ததும் கையுறையை மட்டும் கழற்றுவாள். தொழிலைக் கழற்ற மாட்டாள்.

அப்படி இருக்கும்போதுதான் கார் ஒருநாள் சந்தை வாசலில் படுத்துவிட்டது. இன்ஜின் கர்ஜித்தது, வண்டி ஓர் அங்குலம் நகரவில்லை. கத்தினாலும் காரியம் நடக்காத அந்த நிலைமை எனக்கு நன்றாகத் தெரியும் என்பதால், காரின் மேல் முதல் முறையாக ஒரு பாசம் வந்தது.

இழுத்துக்கொண்டு போய் மெக்கானிக்கிடம் விட்டோம். அவர் முகத்தை நான் பார்த்ததில்லை. எப்போது போனாலும் ஏதாவது ஒரு வண்டிக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருக்கும். பேச்சு அந்தக் கால்களோடுதான். மரியாதைக் குறைவாக இருக்கக் கூடாது என்று மனசுக்குள் அவரைக் காலார் என்று கூப்பிடுவேன்.

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் போய்விட்டது, அதோடு டார்க் கன்வெர்ட்டரும் போய்விட்டது என்றார் காலார். இந்த மாடலுக்கு இரண்டுமே இப்போது யாரும் செய்வதில்லையாம். வேறொரு வண்டியின் நாலு கியர் பெட்டியை, பின்னால் போகிற தண்டைக் கொஞ்சம் வெட்டிப் பொருத்திவிடலாம். அதை அவர் பார்த்துக்கொள்வார். கன்வெர்ட்டரில் மட்டும் இரண்டு வகை இருக்கிறது, எது வேண்டும் என்று நாங்கள்தான் சொல்ல வேண்டும்.

கன்வெர்ட்டர் என்றால் என்ன என்று கேட்டேன். இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் இருக்கும் எண்ணெய்க் குடம் என்றார். இன்ஜின் இந்தப் பக்கம் எண்ணெயைச் சுழற்றும். அந்த எண்ணெய் அந்தப் பக்கம் கியர்பாக்ஸைச் சுழற்றும். இரண்டு பேருக்கும் நேரடிப் பேச்சுவார்த்தை கிடையாது. நடுவில் ஒருவர் வழவழவென்று நழுவிக் கொடுப்பதால் வண்டி ஓடுகிறது. எனக்கு உடனே புரிந்துவிட்டது. எங்கள் வீட்டில் அந்த வேலையை நான்தான் பார்க்கிறேன்.

முதல் வகை, சாது. பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் போதும், வண்டி தானாக ஊர்ந்து கிளம்பும். இரண்டாவது வகை, பந்தயக்காரர்கள் போடுவது. ஒரு காலால் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு, மறு காலால் இன்ஜினைக் கதறவிட்டு, பிறகு பிரேக்கை விட வேண்டும். அதுவரை எண்ணெய் வெறுமனே நழுவிக்கொண்டிருக்கும், வண்டி அசையாது. விட்டதும் பாயும்.

"சந்தைக்கும் கிளினிக்குக்கும் போற வண்டிக்கு அது ஒத்து வராது சார்" என்றன கால்கள். "ரெண்டு நாள்ல மேடம் சாவியத் தூக்கிப் போட்டுருவாங்க."

தூக்கிப் போடும் சாவியைக் கீழே விழாமல் பிடிக்க ஓர் ஆள் வேண்டுமே. நான் இருக்கிறேன்.

ஆக, பந்தயக் கன்வெர்ட்டரை அவள் வாயாலேயே கேட்க வைக்க வேண்டும். அதற்கு வழி சுலபம். கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் எதைச் சொன்னாலும் அவள் நேர் எதிரானதைத்தான் தேர்ந்தெடுப்பாள். நீலத் திரைச்சீலை என்றேன், மஞ்சள் வந்தது. மேல் மாடி வீடு என்றேன், கீழ் வீட்டில் இருக்கிறோம். எனவே நான் சாதுவைப் புகழ வேண்டும். அவ்வளவுதான்.

அன்று சாப்பிடும்போது புகழ்ந்தேன். சாது கன்வெர்ட்டரைப் பற்றி அதைச் செய்த கம்பெனிகூட அவ்வளவு நல்ல வார்த்தை சொல்லியிருக்காது. மென்மை என்றேன். எரிபொருள் மிச்சம் என்றேன். பந்தய வகையைப் பெண்கள் நினைத்தே பார்க்கக் கூடாது என்று ஓரமாக ஒரு சிட்டிகை தூவினேன். அந்தச் சிட்டிகைதான் என் முத்திரை.

அவள் மென்று விழுங்கிவிட்டு நிமிர்ந்தாள்.

"சரி, அதையே போட்டுருவோம்."

எனக்குப் புரையேறியது.

"எதை?"

"நீங்க சொன்னதைத்தான்."

"நல்லா யோசிச்சுச் சொல்லும்மா. நான் சொன்னதாச்சே."

"அதான் எனக்கும் ஆச்சரியமா இருக்கு. இத்தனை வருஷத்துல இப்பதான் மொத மொதலா சரியாச் சொல்லியிருக்கீங்க."

"அப்போ அந்தத் திரைச்சீலை? வீடு? எல்லாம் எனக்கு எதிராத்தானே செஞ்ச?"

"உங்களுக்கு எதிரா நான் ஏங்க செய்யணும்? நீங்க தப்பாச் சொன்னீங்க. நான் சரியானதை எடுத்தேன்."

சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தேன். எதிர்க்கட்சி என்று நான் நினைத்திருந்த ஆளுக்கு என் கட்சி ஒன்று இருப்பதே தெரியவில்லை.

ஆனால் எடுத்த முடிவு எடுத்ததுதான். மறுநாள் ஆபீஸுக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டுக் காலாரிடம் போனேன். மேடம் மனதை மாற்றிக்கொண்டார், பந்தய வகையையே போடச் சொல்கிறார் என்றேன். கட்டை விரல் இரண்டும் கொஞ்ச நேரம் யோசித்தன. "மேடமா சொன்னாங்க?" என்று கேட்டன. மேடமேதான் என்றேன்.

அடுத்த வேலை, பயிற்சி. அவளால் ஓட்ட முடியாத வண்டியை நான் ஓட்டிக் காட்ட வேண்டுமே. சோபாவில் உட்கார்ந்து, கீழே இரண்டு செருப்பைப் போட்டுக்கொண்டு தினமும் பழகினேன். இடது காலால் ஒரு செருப்பை அழுத்து, வலது காலால் இன்னொரு செருப்பை அழுத்து, தொண்டைக்குள் மெல்ல உறுமு, இடது காலைச் சட்டென்று எடு. டிவி செய்தி முடிவதற்குள் பலமுறை பாய்ந்துவிடுவேன். அவள் ஒருநாள் அறை வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள். கால் மரத்துப் போச்சா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். தைலம் அலமாரியில் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். பார்த்தீர்களா, சந்தேகமே வரவில்லை.

வண்டி தயார் என்று போன் வந்ததும் இருவரும் போனோம். கார் பட்டறை முற்றத்தில் குளித்துத் தலைவாரிக்கொண்டது மாதிரி நின்றிருந்தது. காலார் பக்கத்து வேனுக்கு அடியில் இருந்தார். அவள் சாவியைக் கையில் வைத்து உருட்டினாள். பிறகு, என் திட்டத்தில் இல்லாத ஒரு காரியம் செய்தாள். சாவியை என்னிடம் நீட்டினாள்.

"நீங்க தேர்ந்தெடுத்த கன்வெர்ட்டர். நீங்களே மொதல்ல ஓட்டுங்க."

அவள் முதலில் ஏறித் திணறுவாள், நான் பெருந்தன்மையாக இறங்கச் சொல்வேன் என்றுதான் வைத்திருந்தேன். இது இன்னும் வசதி. ஏறி உட்கார்ந்தேன். சீட்டைப் பின்னால் தள்ளினேன். கண்ணாடியைத் திருப்பினேன், அதில் என் முகம் தெரிந்தது, டிரைவர் முகம். அவள் ஒதுங்கி வேன் ஓரமாக நின்றுகொண்டாள்.

கியரைப் போட்டேன். இடது கால் பிரேக்கில். வலது கால் ஆக்ஸிலரேட்டரில். இன்ஜின் கதறியது. வேனுக்கு அடியிலிருந்து "சார், சார்" என்று ஏதோ கேட்டது. பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். சோபாவில் பழகியபடி இடது காலைச் சட்டென்று எடுத்தேன்.

உள்ளே இருந்தது சாது.

ஒரு சொட்டுகூட நழுவிக் கொடுக்காமல், இன்ஜினின் மொத்தக் கோபத்தையும் அது அப்படியே சக்கரத்துக்கு அனுப்பிவைத்தது. கார் கேட்டை நோக்கித் தாவியது. காலாரின் கால்கள் வேனுக்கு அடியில் மடங்கி மறைந்தன. நான் ஸ்டியரிங்கை ஒடித்தேன். கேட்டுத் தூண் ஓட்டுநர் பக்கத்தை மன்னித்துவிட்டு, மறுபக்கத்தை முன்னிருந்து பின்வரை நிதானமாகத் தடவிக்கொடுத்தது.

அவள் நடந்து வந்து என் ஜன்னலில் குனிந்தாள். அடி ஒன்றும் படவில்லையே என்று கேட்டாள். இல்லை என்றேன்.

"நீங்க பந்தயக் கன்வெர்ட்டர் சொல்லிட்டு வந்த அன்னிக்கே மெக்கானிக்கிட்டேருந்து எனக்கு போன் வந்துருச்சு. பழைய முடிவுதான்னு சொல்லிட்டேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க என்கிட்ட சொன்னீங்களா?"

வாயைத் திறந்தேன். திறந்தபடியே இருந்தேன். அவளுக்குப் பழக்கமான காட்சி.

"சும்மா பிரேக்லேருந்து காலை எடுத்திருந்தாலே போதும், தானா போயிருக்கும்" என்றாள். "ஓட்டணும்னு இவ்வளவு ஆசையா செருப்பை வச்சுப் பழகுறாரே, வாரத்துல பாதி நாள் அவரே ஓட்டட்டும்னு நெனச்சுத்தாங்க சாவியையே கொடுத்தேன்."

இதற்கு அவள் திட்டியிருக்கலாம்.

இறங்கினேன். அவள் ஏறி, சீட்டை முன்னால் இழுத்து, கண்ணாடியைத் தன் முகத்துக்குத் திருப்பிக்கொண்டாள். நான் பழக்க தோஷத்தில் சுற்றிக்கொண்டு போய்ப் பக்கத்து சீட்டுக் கதவை இழுத்தேன். நசுங்கிப் போயிருந்தது, அசையவில்லை. வண்டியில் காலை முட்டுக் கொடுத்து இழுத்தும் பார்த்தேன். இந்த மாடலுக்குக் கதவும் இப்போது யாரும் செய்வதில்லையாம்.

நான் சுற்றிக்கொண்டு கொஞ்சம் முன்னால் போய், அவள் பக்கமாக நின்றேன். அவள் பிரேக்கிலிருந்து காலை எடுத்தாள். வண்டி வெண்ணெய் மாதிரி ஊர்ந்து வந்து என் பக்கத்தில் நின்றது.

"பின்னாடி ஏறிக்கோங்க" என்றாள்.