அந்த மஞ்சள் எதற்கு?

“எப்படி இருக்கு படம்?” என்று கேட்டார் வருங்காலச் சம்பந்தி.

பெண்ணின் அப்பாவான பல்செட்காரர் நிமிர்ந்து பார்த்தார். உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, அதற்குள் பரீட்சை ஆரம்பித்துவிட்டது. சோபாவுக்கு மேலே ஆளுயரப் படம். பெரிய சிவப்புத் திட்டு, நடுவில் கறுப்பாக ஒரு பள்ளம், ஓரத்தில் கொஞ்சம் மஞ்சள்.

பார்த்தவுடனே அவருக்கு ஒன்று தோன்றத்தான் செய்தது. ஆனால் தொழில் பேச்சு பேசக் கூடாது என்பது மகளின் உத்தரவு.

எல்லாம் மகள் செய்த வேலை. “அப்பாவுக்கு நவீன ஓவியம்னா உயிர்னு அவர்கிட்ட ஒரு பேச்சுக்குச் சொல்லி வச்சிட்டேன்ப்பா,” என்று போன வாரம் குண்டைத் தூக்கிப் போட்டாள். “அவங்க ஹால்லயும் ஒரு பெரிய படம் இருக்காம். நீங்க வந்தா அதைப் பத்திப் பேசலாம்னு அவரோட அப்பா சொன்னாராம்.”

“பல்செட் பண்றவர்னு சொல்ல வேண்டியதுதானே?”

“சொன்னேன். அதோட நிறுத்த ஒரு மாதிரி இருந்துச்சு.”

அது அவருக்கு வலித்தது. ஊரில் பாதிப் பேர் அவர் செய்த பல்லால்தான் சிரிக்கிறார்கள். சொந்த மகளுக்கு அதைச் சொல்ல வெட்கம். இருந்தாலும் கல்யாணம் அவளுடையது. வாரம் முழுக்கக் கைப்பேசியில் ஓவியப் பாடம் கேட்டார். பின்னணி தெரியாமல் நவீன ஓவியத்தை ரசிக்கவே முடியாது என்றுதான் ஒவ்வொரு பாடமும் ஆரம்பித்தது. மண்டையில் நின்றதும் அந்த ஒரு வரிதான். மனைவி முழங்கால் வலி என்று சொல்லி வீட்டிலேயே தங்கிவிட்டாள். விவரமானவள்.

“இது... வெறுமையைச் சொல்லுது,” என்றார்.

சம்பந்தி பட்டும் படாமல் தலையாட்டினார். தப்பாக உளறிவிட்டோமோ என்று பல்செட்காரர் அவசரமாகச் சேர்த்துக்கொண்டார்.

“அதே சமயம் நிறைவையும் சொல்லுது.”

“ரெண்டுமா?”

“ரெண்டும் ஒண்ணுதானே.”

சம்பந்தி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். கோபத்தை அடக்குகிறார் போல. பெரிய படத்தைத் தள்ளி நின்று பார்க்க வேண்டும் என்று ஏதோ பாடத்தில் கேட்டது ஞாபகம் வர, பல்செட்காரர் நாலு எட்டு பின்னால் வைத்தார். டீத் தட்டோடு வந்த சம்பந்தியம்மாள் மேல் இடித்தார்.

“படத்து மேல படலையே?” என்று பதறினாள் அந்த அம்மாள். கம்பளம் டீயில் நனைந்துகொண்டிருந்தது. அதை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இப்பேர்ப்பட்ட கலைக் குடும்பத்திலா பெண் கொடுக்கப் போகிறோம் என்று அவர் இன்னும் குறுகிப்போனார். பேச்சை மாற்றியாக வேண்டும்.

“எப்ப வரைஞ்ச படம்?”

“அது பழசு,” என்றார் சம்பந்தி. பிறகு, “ரொம்பப் பழசுன்னும் சொல்ல முடியாது.”

ஆழம் பார்க்கிறார். “அந்த மஞ்சள் எதுக்குன்னு நீங்க நினைக்கிறீங்க?” என்று கேள்வியை அவர் பக்கமே தள்ளிவிட்டார் பல்செட்காரர்.

“உங்களுக்குத் தெரியாததா? நீங்களே சொல்லுங்க.”

மகள் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளைப் பையன் குனிந்து கம்பளத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

“நம்பிக்கை,” என்றார். சம்பந்தியின் முகத்தில் அசைவில்லை. “இல்ல, துக்கம்.” அப்போதும் அசைவில்லை. “ஒருவேளை அது மஞ்சளே இல்லையோ என்னவோ.”

“இதுக்கெல்லாம் பின்னணி தெரியணும்,” என்றார் சம்பந்தி மெதுவாக.

அவ்வளவுதான், பிடித்துவிட்டார். கல்யாணம் கைநழுவிக்கொண்டிருக்கிறது. இனி மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

“மன்னிச்சுக்குங்க. எனக்கு ஒரு பின்னணியும் தெரியாது. நான் பல்செட் பண்றவன், அவ்வளவுதான். உள்ளே நுழைஞ்சதும் பார்த்தேன், கடைவாய்ப்பல்லைப் பிடுங்கின இடம் மாதிரி இருந்துச்சு. அந்த மஞ்சள் சீழ். பார்க்கப் பார்க்க எனக்கே பல் வலிக்க ஆரம்பிச்சிடுச்சு. பொண்ணு மேல கோவிச்சுக்காதீங்க.”

மகள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். சம்பந்தி படத்தை நிமிர்ந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் கை தானாகப் போய்க் கன்னத்தைப் பிடித்துக்கொண்டது.

வாசல் மணி அடித்தது. சம்பந்தியம்மாள் ஓடிப்போய்த் தடுப்பதற்குள், கையில் ஏணியோடு படக்கடைக்காரர் உள்ளே தலையை நீட்டினார்.

“சார், ஓவியம் தெரிஞ்ச சம்பந்தி வந்து பார்த்துட்டுப் போயாச்சுன்னா சொல்லுங்க, வாடகைப் படத்தைக் கழட்டிக்கிறேன்.”