மாமனார் தக்காளி

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. அடித்துச் சத்தியம் செய்கிறேன். ஒன்று பொய்யென்றாலும் என் பல்லெல்லாம் கொட்டிப்போகட்டும். (இருப்பது இரண்டுதான் என்பது வேறு விஷயம்.)

சைக்கிள் கடை மாடியில், தக்காளிக்குப் பூர்வீகம் பார்த்துச் சொல்லும் வம்சம்சொல்லி வந்து இறங்கியதிலிருந்து ஊரில் ஒருவர் கையும் சும்மா இல்லை. ஆளுக்கொரு தக்காளி. வாத்தியார் வரிசையில் நின்றார். வக்கீல் நின்றார். காய்ச்சல்காரர்களைக் காக்க வைத்துவிட்டு டாக்டரும் நின்றார். தக்காளியைத் துணியில் மூட்டையாகக் கட்டிக் கொடுக்க வேண்டும். வம்சம்சொல்லி அதைப் பிரிக்கமாட்டார். "கண்ணு பொய் சொல்லும், நெத்தி சொல்லாது" என்று மூட்டையை நெற்றியில் அழுத்திக்கொண்டு ஏழு தலைமுறையை ஒப்பிப்பார். டாக்டரின் தக்காளி ஒரு மகாராணியின் மாடத்தில் பிறந்ததாம். வக்கீலுடையது கப்பலேறி வந்ததாம். சொந்தத் தாத்தா பெயர் தெரியாதவனெல்லாம் தக்காளியின் தாத்தா பெயரைச் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

கெட்ட வம்சம் என்று வந்துவிட்டால் செடியைப் பிடுங்கிவிட்டு, சேர்த்துவைத்த விதை முழுவதையும் அவரிடம் ஒப்படைக்க வேண்டும். பதிலுக்கு அவரிடமே 'ராஜ விதை' வாங்கிக்கொள்ள வேண்டும். வீட்டு விதை வைத்திருந்தவர்களுக்கெல்லாம் எப்படியோ கெட்ட வம்சமாகவே அமைந்தது.

தையற்காரருக்கும் அப்படியே. அவர் வீட்டுக்குப் பின்னால் காய்த்துத் தொங்கியது 'மாமனார் தக்காளி'. மாமனார் கொடுத்த விதை. பழமும் அவர் மாதிரியே. தலைப்பக்கம் பச்சை, உடம்பெல்லாம் மடிப்பு, லேசாகத் தொட்டாலே வெடிக்கும். அவர் போய்ச் சேர்ந்தபின் அவருடையதென்று வீட்டில் மிஞ்சியது அது ஒன்றுதான். ஆண்டுதோறும் முதல் பழத்தை யாரும் தொடக் கூடாது. அதை அறுத்து விதையெடுத்துக் காயவைப்பாள் தையற்காரரின் மனைவி. அடுத்த ஆண்டு அச்சு அசலாக அதே மாமனார் காய்ப்பார்.

"துரோகியோட தோட்டத்துல பிறந்ததாம். வீட்டுக்கு ஆகாதாம். பிடுங்கிடணும்னு சொல்லிட்டார்" என்றார் தையற்காரர், மேசைக்கடியில் தவழ்ந்தபடி. காலையிலிருந்து, பொத்தான் துளைக்குக் காஜா எடுக்கும் ஊசியைக் காணோம். ஊசியும் இல்லை, வம்சமும் சரியில்லை. மனிதர் எதற்கென்று அழுவார்?

"எங்கப்பா ரயில்வே கேன்டீன்ல சாப்பிட்டப்போ ஒரு பழம் ருசியா இருந்துச்சு. விதையைத் துப்பிக் காகிதத்துல மடிச்சு எடுத்துட்டு வந்தாரு. அதோட பூர்வீகம் அவரோட பல்லிடுக்கு. இதுல துரோகி எங்கேர்ந்து வந்தான்?" என்றாள் மனைவி.

"உனக்குத் தெரியுமா, அவருக்குத் தெரியுமா?"

"துப்பினப்போ நான் பக்கத்துல இருந்தேன். உங்காளு இருந்தாரா?"

"அவர் ஞானத்துல இருந்திருப்பார்" என்றார் தையற்காரர், மேசைக்கடியிலிருந்தே.

அவள் பார்வை தையல் மேசைமேல் போனது. "சரி, நாளைக்கு இன்னொரு தடவை காட்டுவோம். மூட்டைக்குள்ள இருக்கறதை அவர் சரியாச் சொல்லிட்டா, செடியை நானே பிடுங்கித் தர்றேன். மூட்டையை நான்தான் கட்டுவேன். நீங்க பிரிச்சுப் பார்க்கக் கூடாது."

மறுநாள் மனைவியோடு வந்து நின்ற தையற்காரரைப் பார்த்ததுமே வம்சம்சொல்லி முகத்தைச் சுளித்தார். மூட்டை நெற்றிக்குப் போனது.

"அதே ரத்தம்! நேத்து வந்த பழத்தோட கூடப்பிறந்தது. ஒரே செடி! உள்ள சாறு கொதிக்குது. விதையெல்லாம் அழுவுது..."

கூட்டம் வாயில் கைவைத்தது. தையற்காரருக்கு செடி போச்சு. மனைவி முகத்தைப் பார்க்கும் தைரியமும் போச்சு.

"எதுக்கு அழுவுதுன்னு நல்லா அழுத்திக் கேட்டுச் சொல்லுங்கய்யா" என்றாள் அவள், பயபக்தியோடு.

அழுத்தினார்.

"ஐயோ!"

சத்தத்தில் கீழே நிறுத்தியிருந்த சைக்கிள்கள் வரிசையாகச் சாய்ந்தன. கையை எடுத்தும் மூட்டை விழவில்லை, நெற்றியிலேயே தொங்கியது. அவள் நிதானமாக அதைப் பிடுங்கிப் பிரித்தாள். உள்ளே, தையல் மேசையில் ஊசி குத்திவைக்கும் சிவப்பு உருண்டை. ஊசியையெல்லாம் எடுத்துவிட்டுத்தான் கட்டியிருந்தாள். ஆழத்தில் ஒன்று புதைந்திருந்தது அவளுக்கே தெரியாது.

"அட, என் காஜா ஊசி!" என்று துள்ளினார் தையற்காரர்.

"இதோட வம்சத்தை நான் சொல்றேன், கேளுங்க" என்றாள் மனைவி. "மேல என் பழைய பாவாடை. உள்ள மரத்தூள். தைச்சது இதோ குதிக்கிறாரே, இவரு."

"மரத்தூளுக்கும் வம்சம் உண்டு" என்றார் வம்சம்சொல்லி, நெற்றியைத் தேய்த்தபடி. டாக்டர் மட்டும் தலையாட்டினார். அதற்குள் வாத்தியார் உள்ளறைத் திரையை விலக்கிவிட்டார். ஊரார் ஒப்படைத்த துரோகி விதைகளெல்லாம் அங்கே 'ராஜ விதை' உறைகளுக்குள் முடிசூட்டிக்கொள்ளக் காத்திருந்தன. திரும்பிப் பார்த்தால் வம்சம்சொல்லியைக் காணோம். இறங்கும்போது படியில் அவர் கால் பட்டதா என்பதே சந்தேகம்.

தையற்காரர் வீட்டுக்கு வந்ததும் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினார். "மன்னிச்சுக்குங்க மாமா" என்று ஒரு பழத்தை லேசாகத் தொட்டார்.

வெடித்தது.

ஆகவே பெரியோர்களே, நெற்றியைக் காட்டுகிறவனிடம் போகும்முன் உங்கள் நெற்றிக்குப் பின்னால் இருப்பதைக் கொஞ்சம் கேட்டுப் பாருங்கள். சத்தியம் செய்து சொன்னான் என்பதற்காக எவனையும் நம்பாதீர்கள். அந்த ஊர் மண் உப்பு மண். அங்கே இன்றுவரை ஒரு தக்காளிச் செடிகூட முளைத்ததில்லை.