தெலுங்கு பேசாத ரங்கன்

"உயிலை யாரும் ரங்கனுக்குத் தமிழ்ல படிச்சுக் காட்டலீங்க. அவரே வாங்கிப் பாத்தாரு, தலைய ஆட்டினாரு, கையெழுத்துப் போட்டாரு" என்றார் உயிலுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டு, இப்போது கூண்டில் நின்ற ஹரிபாபு.

திருப்பதி நீதிமன்றத்தில் அதுவரை வக்கீல் பத்மினிக்கு எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. உயில் வழக்குகளிலேயே தலை நரைத்தவர் அவர். உயிலைத் தமிழில் படித்துக் காட்டியதாக ஹரிபாபு சொல்வார் என்று நம்பியிருந்தவர், இந்த ஒரு பதிலை மட்டும் எதிர்பார்க்கவில்லை.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "உயில் தெலுங்குல இருக்கே. இறந்தவருக்குத் தெலுங்கு தெரியுமா?"

எதிர்த்தரப்பு வக்கீல் துள்ளி எழுந்தார். "ஒரு எழுத்து தெரியாதுங்க. எங்க கேஸே அதுதான்."

சத்தியவேடு பக்கத்து விவசாயி ரங்கன், தான் சம்பாதித்து வாங்கிய வீட்டையும் மாந்தோப்பையும், கடைசிவரை தன்னைப் பார்த்துக்கொண்ட இளைய மகன் தமிழரசுக்கு எழுதிவைத்துவிட்டு இறந்திருந்தார். உயில் செல்லாது என்று ஆகிவிட்டால், சென்னையில் இருக்கும் அண்ணன் முனியப்பன் தோப்பைப் பிரித்து விற்றுவிடுவான்.

வராந்தாவில் பத்மினி தன் கட்சிக்காரன் தமிழரசை மடக்கினார். "அப்பாவுக்குத் தெலுங்கு தெரியும்தானே?"

"நைனாவா? ஒரு வார்த்த பேசி நான் கேட்டதில்ல மேடம். தெலுங்குல பேசினா மூஞ்சத் திருப்பிக்குவாரு."

"அப்போ அம்மாவைக் கூப்பிடுவோம். சந்தையிலயோ பஸ்லயோ ரெண்டு வார்த்தை பேசாம இருந்திருப்பாரா?"

ரங்கனின் மனைவி செங்கம்மாவிடம் பத்மினி பக்குவமாக எடுத்துச் சொன்னார். அந்த அம்மாவும் தலையாட்டினாள். ஆனால் கூண்டில் ஏறியதும் அவளுக்குப் பெருமை பொங்கிவிட்டது.

"எங்க ஊட்டுக்காரரு வாயில தெலுங்கு வந்ததே கெடையாதுங்க! கண்டக்டரு 'எக்கடிக்கி', எங்க போவணும்னு கேட்டா, பதில் சொல்லாம ரோட்டக் காட்டிக்கினே நிப்பாரு. இப்பிடித்தான் ஒரு தபா சீட்டே குடுக்கல, எறக்கி உட்டுட்டான். வெயில்ல ஊருக்கு நடந்தே வந்தாரு. அப்பவும் வாயத் தொறக்கல!"

பத்மினிக்கே உடம்பு சிலிர்த்தது. என்ன வைராக்கியம்! அப்புறம்தான் தான் எந்தப் பக்கத்து வக்கீல் என்பது நினைவுக்கு வந்தது.

அடுத்த வாய்தாவுக்கு, ஓய்வுபெற்ற கிராம அதிகாரி ஒருவரை அழைத்து வந்தார். பட்டா, வரி என்று ரங்கன் ஓயாமல் போய்வந்த அலுவலகம் அவருடையது. அங்கே பேசாமல் முடியுமா?

"முடிஞ்சதுங்க" என்றார் அதிகாரி. "நான் தெலுங்குக்காரன். நான் பேசப் பேச அவரு கையக் கட்டிக்கினு நிப்பாரு. ஆபீஸ் மூடுற வரைக்கும் நிப்பாரு. மறுநாளும் வந்து நிப்பாரு. கடைசியில நான்தாங்க தமிழ் கத்துக்கினேன்."

எதிர்த்தரப்பு வக்கீல் பத்மினியின் காதருகே குனிந்தார். "மேடம், உங்க சாட்சிங்களே எனக்குப் போதும். என் லிஸ்ட்டைக் கிழிச்சுப் போட்டுடறேன்."

அன்று சாயந்திரம் பத்மினி தன் குமாஸ்தா கிஷோரிடம் சொன்னார்: "எத்தனையோ உயில் பார்த்துட்டேன். இப்படி ஒரு மனுஷனைப் பார்த்ததில்லைப்பா. தோத்தாலும் பரவாயில்ல, இவருக்காக வாதாடினேன்னு சொல்லிக்கலாம்."

"மேடம், வாராவாரம் வேர்க்கடலை விக்க சூளூர்பேட்டைக்குப் போவாராமே. அங்க ஒருதடவை விசாரிச்சுட்டு வரட்டுமா?"

கிஷோர் போனான். மறு வாய்தா அன்று காலையில் போன் செய்தான். "ஒரு அம்மா கிடைச்சிருக்காங்க மேடம்! பேரு ஹரிதா. ரங்கன் அருவி மாதிரி தெலுங்கு பேசுவாருன்னு சொல்றாங்க. எழுதப் படிக்கவும் தெரியுமாம். கூட்டிக்கிட்டு வரேன்!"

ரயில் தாமதம். ஹரிதா உள்ளே நுழையும்போதே வழக்கைக் கூப்பிட்டுவிட்டார்கள். ஒரு வார்த்தைகூட விசாரிக்க நேரமில்லாமல் பத்மினி அவளைக் கூண்டில் ஏற்றினார்.

ஹரிதா பயப்படவில்லை. ரங்கன் தெலுங்குப் பேப்பர் படிப்பார், தெலுங்கில் கதை சொல்வார், கோபம் வந்தால் தெலுங்கில்தான் திட்டுவார் என்று அடுக்கிக்கொண்டே போனாள். தமிழரசு கைகளைக் கூப்பினான். செங்கம்மா முன்வரிசையில் வாயைப் பிளந்து உட்கார்ந்திருந்தாள். பத்மினி வெற்றியோடு இருக்கைக்குத் திரும்பினார். செத்த பிறகும் பிரமிக்க வைக்கிறாரே இந்த மனுஷன்!

எதிர்த்தரப்பு வக்கீல் எரிச்சலோடு எழுந்தார். "அவரு சத்தியவேடு, நீங்க சூளூர்பேட்டை. பெத்த புள்ளைக்கே தெரியாதது உங்களுக்கு எப்படிம்மா தெரிஞ்சுது?"

ஹரிதா அவரை விநோதமாகப் பார்த்தாள்.

"என் கையப் புடிச்சி தெலுங்குல அ, ஆ எழுதக் கத்துக் குடுத்ததே அவருதாங்க, நானும் அவரு பெத்த புள்ளதானே?"