அண்ணன் கரைந்துபோன காதுகுத்து

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அதனால் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதை வாங்கினாலும் கூடவே வரும் கையேட்டை முழுசாகப் படித்துவிட்டு, படிக்காதவர்களைப் பாவமாகப் பார்ப்பேன்.

வேலைக்குப் போய் டிஎஸ்எல்ஆர் வாங்கியதும், பழைய சின்னக் கேமராவை அக்காவுக்குத் தானம் செய்தேன். அது ஆளை எடுத்தால் பின்னால் மேயும் ஆடு, அதற்கும் பின்னால் போகும் ராஜபாளையம் பஸ் வரை எல்லாவற்றையும் தெளிவாகக் காட்டிவிடும். (விவஸ்தை கெட்ட கேமரா.) புதியதிலோ ஒன்றை மட்டும் துல்லியமாக வைத்து, மற்றதையெல்லாம் வெண்ணெயாகக் கரைக்கலாம். கண்ணில் பட்டதையெல்லாம் கரைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அக்கா மகளுக்குக் காதுகுத்து வந்தது. வாசுதேவநல்லூர் பக்கம் அத்தான் வீட்டுச் சாஸ்தா கோயிலில். போட்டோகிராபரே வேண்டாம், நான் இருக்கிறேன் என்றேன். படித்த பொண்ணு சொன்னால் சரியாக இருக்கும் என்று எல்லாரும் நம்பினார்கள்.

அதில் ஒரு சிக்கல் இருந்தது. இரண்டு வருஷம் முன்பு அத்தானின் புது வீட்டுப் பால்காய்ப்பில், குடும்பப் படம் எடுக்கும்போது என் அண்ணனைக் கூப்பிட மறந்துவிட்டார்கள். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. தாய்மாமன் மடி இல்லாமல் காது குத்த முடியாதே என்று அம்மா காலில் விழாத குறையாகக் கெஞ்சி அவனை வரவழைத்திருந்தாள். தலைக்கு மையடித்து, புது வேட்டி கட்டி, மடியில் பிள்ளையை வைத்து மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தான். நான் வளைத்து வளைத்து எண்பது படம் எடுத்தேன்.

சாப்பாடு முடிந்ததும் அண்ணன் கேமராவை வாங்கிப் பார்த்தான். பிள்ளையின் காதுமடலில் பூனைமுடிகூட எண்ணலாம்.

"இதுல நான் எங்கன இருக்கேன்?"

"பின்னால வெள்ளையா தெரியுதுல்லா, அதாம்ணே நீ."

எண்பதிலும் அவன் வெள்ளைதான். கேமராவைத் திருப்பித் தந்தான்.

"அன்னைக்குப் படத்துல சேக்காம விட்டிய. இன்னைக்குப் படத்துல வச்சே அழிச்சிட்டிய."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பைக்கை நோக்கி நடந்தான். (இதற்குக் கையேட்டில் பக்கம் இல்லை.) அம்மா என்னைப் பார்த்த பார்வையை எந்த லென்ஸாலும் கரைக்க முடியாது.

அத்தான்தான் பின்னாலேயே ஓடினார். பைக்கில் உட்கார்ந்துவிட்டவன் மடியில் பிள்ளையைத் தூக்கி வைத்தார். அக்கா பையிலிருந்து சின்னக் கேமராவை எடுத்தாள். இரண்டு வருஷத்துக்குப் பிறகு அத்தான் அண்ணனிடம் பேசிய முதல் வார்த்தை இதுதான்:

"மச்சான், கொஞ்சம் முன்னால வாரும். உம்ம படிச்ச தங்கச்சி திரும்பக் கரைச்சிறப் போறா."

அண்ணன் உதட்டைக் கடித்துப் பார்த்தான். முடியவில்லை, சிரித்துவிட்டான். மறுபடி குத்தப்போகிறார்கள் என்று நினைத்த பிள்ளை இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அலறியது.

சங்கரன்கோவிலில் எங்கள் வீட்டு ஹாலில் அந்தப் படம்தான் மாட்டியிருக்கிறது. பைக், ஆடு, காது குத்திவிட்டு டீ குடிக்கும் ஆசாரி, அண்ணன் காதில் வழிந்த மை எல்லாம் தெளிவு. கடைசியில், கழுத்தில் பெரிய கேமரா தொங்க அசடு வழியும் நானும் படுதெளிவு.

இன்றைக்கும் நான் கேமராவைத் தூக்கினால் போதும், வீடே சேர்ந்து அண்ணனை முன்னால் தள்ளுகிறது.